சந்தை மாட்டைக் குற்றம் சொல்லும் முன் ஈத்தைக் கேளுங்கள்

கால்நடை நோய்க் கணக்கெடுப்பை நடத்திய குழுவினருக்கும், அதன் முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பால் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். கணக்கெடுப்பு எப்படி நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும், நாங்கள் விளக்கத் தேவையில்லை. கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதிப் பக்கம் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவர்கள் கேட்பது ஒன்றுதான். சந்தையில் வாங்கிய மாடுகளுக்கே மடிநோய் இத்தனை மடங்கு அதிகம் வருகிறது என்ற அறிவிப்பை எடுத்துவிட்டு, கணக்கை மறுபடி போடுங்கள்.

அந்த ஒரு வரி என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்கு ஒரே கறவை. பழைய மாடு வற்றிப்போனதால் கடன் வாங்கி, பொள்ளாச்சிச் சந்தையில் மூன்றாம் ஈத்து (மூன்றாம் முறை கன்று போட்ட) எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடு ஒன்றைக் கன்றோடு பிடித்து வருகிறார்கள். காதுவில்லை போட்டாயிற்று, பன்னிரண்டு இலக்க எண்ணும் பதிவாகிவிட்டது. காப்பீட்டுக்குச் சங்கத்தின் கடிதம் மட்டும்தான் பாக்கி. அங்கே போனால், "சந்தை மாடா? அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். அந்த 'அப்புறம்' வருவதற்குள் மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீட்டுக்கு மிஞ்சுவது கடன்தான். தவறாகப் போட்ட ஒரு கணக்கின் பாரத்தை இப்படி ஏழை வீடுதான் சுமக்கிறது.

தவறு எங்கே என்று சொல்கிறோம். உங்கள் படிவத்தில் மாட்டின் இனம் இருக்கிறது, தீவனம் இருக்கிறது, தொழுவத்தின் தரை இருக்கிறது. எத்தனையாவது ஈத்து என்ற கேள்வியே இல்லை. ஈத்து கூடக் கூட மடிநோயும் கூடும் என்பது கால்நடை மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரிந்தது. சந்தையில் வாங்குகிறவர் உடனே பால் வேண்டும் என்று மூன்றாம், நான்காம் ஈத்து மாட்டைத்தான் பிடிப்பார். வீட்டுக் கன்றாக வளர்ந்தது பெரும்பாலும் முதல் ஈத்து, இரண்டாம் ஈத்தில் நிற்கும்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு. சந்தை மாடு 100, வீட்டு மாடு 100 என்று வைத்துக்கொள்வோம். சந்தை மாட்டில் இளம் ஈத்து 20, அதில் நோய் 4. முதிர்ந்த ஈத்து 80, அதில் நோய் 40. வீட்டு மாட்டில் இளம் ஈத்து 80, நோய் 16. முதிர்ந்தது 20, நோய் 10. மொத்தமாகக் கூட்டினால் சந்தை மாட்டில் 44, வீட்டு மாட்டில் 26. ஆகா, சந்தை மாடுதான் காரணம் என்று தோன்றும். ஈத்துவாரியாகப் பிரித்தால் இளம் ஈத்தில் இரு பக்கமும் நூற்றுக்கு 20, முதிர்ந்த ஈத்தில் இரு பக்கமும் நூற்றுக்கு 50. சந்தைக்கும் நோய்க்கும் இங்கே சம்பந்தமே இல்லை. இப்படிப் பிரித்துப் பார்த்துச் சேர்க்கும் முறையைப் புள்ளியியலாளர்கள் மான்டெலும் ஹான்செலும் 1959-லேயே கொடுத்துவிட்டார்கள். கணினி கூட வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

"மடங்கு" என்று எழுதியதிலும் பிழை இருக்கிறது. அதே 44-ஐ 26-ஆல் வகுத்தால் 1.7. லாஜிஸ்டிக் ரெக்ரஷன் என்ற புள்ளியியல் முறை தருவது ஆட்ஸ் விகிதம், அதாவது நோய் வந்ததை வராததால் வகுத்து இரு பக்கத்தையும் ஒப்பிடுவது. அது 44/56-ஐ 26/74-ஆல் வகுத்த 2.2. அபூர்வமான நோயில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். மடிநோய் போலப் பரவலான நோயில் ஆட்ஸ் விகிதத்தை எடுத்து "இத்தனை மடங்கு" என்று பலகையில் எழுதினால் பயம்தான் பெருகும்.

காம்புக் கணக்கு இன்னும் மோசம். பாலில் மடிநோயைக் கண்டுபிடிக்கும் சி.எம்.டி. சோதனைத் தட்டில் நான்கு கிண்ணம், காம்புக்கு ஒன்று. 100 மாட்டைச் சோதித்துவிட்டு 400 விவரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே மடியின் காம்புகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமை (0 என்றால் இல்லை, 1 என்றால் முழுமை) 0.4 என்று கொண்டால், விவரத்தை வகுக்க வேண்டிய எண் 1 + 3 × 0.4 = 2.2. உங்கள் 400 உண்மையில் 182-க்குத்தான் சமம். நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பு, நீங்கள் காட்டியதைவிட அகலமானது. அதற்கு மேல் வீடு, சங்கம் என்ற அடுக்குகளும் உண்டு. நம் பக்கம் ஒரே கறவைக்காரர் பல வீட்டுக்கும் போகிறார். மடிநோய் தரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி பெரும்பாலும் கறக்கும்போது கை வழியாக மாட்டுக்கு மாடு போகிறது. கறப்பவர் யார் என்று படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

சோதனை செய்த நாளும் முக்கியம். முதல் பீச்சலை விட்டுவிட்டு, காம்புக்கு 2 மில்லி பால், அதே அளவு மருந்து, சுழற்றி 20 விநாடிக்குள் பார்ப்பது வரை சரியாகச் செய்தீர்கள், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கன்று போட்ட முதல் சில நாள் பாலும், வற்றும் தறுவாயில் உள்ள பாலும் நோய் இல்லாமலே இந்தச் சோதனையில் கெட்டிப்படும். சந்தை மாடு வருவதே கன்று போட்ட கையோடு! கன்று போட்ட தேதியையும் கேட்கவில்லை.

விற்றுப்போன மாடுகள் எங்கே? மடி கெட்டு ஒரு காம்பு அடைத்தால் மாட்டை யாரும் வைத்திருப்பதில்லை. வியாபாரி லாரி ஏற்றி வேலந்தாவளம் எல்லையைத் தாண்டிவிடுவார். ஒருநாள் வந்து நிற்கும் மாட்டை எண்ணினால் அது உங்கள் கணக்கில் வராது. வந்த தேதி, போன தேதி, போன காரணம் மூன்றையும் எழுதி மாட்டு-மாதமாகக் கணக்கிட்டால்தான் வரும். பத்து மாடு ஆறு மாதம் நின்றால் 60 மாட்டு-மாதம். இடையில் போனதை அதுவரை எண்ணி நிறுத்த காப்லான்-மேயர் என்ற புள்ளியியல் முறை 1958-லிருந்தே இருக்கிறது.

வருஷா வருஷம் யாராவது வந்து காதுவில்லை எண்ணை எழுதிப் போகிறார்கள். கேட்டதையே கேட்கிறார்கள். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அதன் முடிவு இன்னதென்று ஒரு துண்டுச் சீட்டு வந்ததில்லை. கெட்ட பெயர் மட்டும் பலகையில் வருகிறது. கோபமாக எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவோடு மறுபடி கேட்கிறோம். அறிவிப்பை எடுத்துவிடுங்கள். அதே வீடுகளுக்குப் போய் ஈத்து, கன்று போட்ட தேதி, கறப்பவர், விற்ற மாடு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் சொல்வோம். மாடு, வீடு, சங்கம் என்ற அடுக்குகளைச் சேர்த்துக் கணக்கைப் போட்டு, அட்டவணையைத் தமிழிலும் மலையாளத்திலும் சங்கத்தில் வையுங்கள். அதுவரை சந்தை மாடு என்ற காரணத்துக்காக ஒரு காப்பீட்டுக் கடிதத்தையும் நிறுத்த வேண்டாம் என்று எல்லாச் சங்கங்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். இந்தக் கடைசி வேலைக்கு ஆய்வு எதுவும் தேவையில்லை, நாளையே செய்யலாம்.

இப்படிக்கு,
எல்லையோரக் கறவைமாடு வளர்ப்போர்