பழைய ஹோட்டலின் சம்பளப் பேரேடுகளைக் காப்பாற்றித் தரக் கோரும் மனு

கௌரவ பிரதேச செயலாளர் அவர்கட்கு,

ஐயா,

எமது முன்னைய கடிதங்களுக்குப் பதில் கிடைக்காத நிலையில் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். மேட்டிலுள்ள பழைய ஹோட்டலைத் தங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏப்ரல் சீசனில் தங்கள் வாகனமும் அதன் வாசல் வளைவில்தான் நெரிசலில் நிற்கும்.

1. நுவரெலியாவின் ஹோட்டல் வரலாற்றை 1828இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கட்டிய மாளிகையிலிருந்து தொடங்குவது வழக்கம். கிராண்ட் ஹோட்டல் ஆனது அதுதான். 1885இல் நானுஓயாவுக்கு ரயில் வந்ததும் துரைமார் வரவு பெருகியது. எங்கள் ஊர் ஹோட்டலும் அந்தக் காலத்ததே. அங்கே தங்கிய துரைமாரின் படங்கள் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன. இருக்கட்டும்.

2. பெட்டி சுமந்தவர்கள், குசினியில் நின்றவர்கள், கணப்பு அடுப்புக்கு விறகு பிளந்தவர்கள் பெயர்களோ சம்பளப் பேரேடுகளில் மட்டுமே உள்ளன.

3. அந்தப் பேரேடுகள் பின்பக்கத்துக் குதிரை லாயத்தில் கிடக்கின்றன. கூரைத் தகரம் இற்றுவிட்டது. தென்மேற்கு மழைக்கு மேல்தட்டுப் புத்தகங்கள் ஊறி, தாளோடு தாள் ஒட்டிக்கொண்டன. பிரித்தால் கிழிகிறது, பிரிக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கிறது. ஊதா மை கரைந்து பெயர்கள் ஓடிவிட்டன. சில பக்கங்களில் கைநாட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது, யாருடையது என்று சொல்ல ஆளில்லை. ஒரு தார்ப்பாய் போடுங்கள் என்றுதான் கேட்டோம் ஐயா. தகவல் கேட்டாலே 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நாங்கள் கேட்டது தகவல்கூட இல்லை, ஒரு தார்ப்பாய்!

4. பழைய கடதாசிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தாங்கள் எண்ணக்கூடும். இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கான 1949ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ்ப் பிரஜாவுரிமை கேட்ட எங்கள் பெரியவர்களிடம், தொடர்ந்து இங்கே வசித்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். காட்ட முடியாதவர்களின் விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம்கூட 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கிருந்தவர்களையும் அவர்களின் வழித்தோன்றல்களையும்தான் குறிப்பிடுகிறது. அன்று யார் இங்கே இருந்தார்கள் என்பதைச் சொல்லும் புத்தகம்தான் இப்போது நனைகிறது. சேமலாப நிதிக்குச் சேவைக்காலத்தை நிரூபிக்க அலையும் எங்கள் ஓய்வுபெற்றவர்களுக்கும் வேறு சான்று கிடையாது. கடிதம் கொடு, அத்தாட்சி கொடு என்று பரம்பரையாகக் கேட்டுவிட்டு, இருக்கிற அத்தாட்சியை மழையில் போட்டால் நாங்கள் எங்கே போவது?

5. நிர்வாகத்தைக் கேட்டால் செயலகத்தைக் காட்டுகிறார்கள். செயலகத்தில் நிர்வாகத்தைக் காட்டுகிறார்கள். சாவி யாரிடம்?

6. ஆகவே, லாயத்தைத் திறக்கச் செய்து பேரேடுகளை உலர்ந்த இடத்துக்கு மாற்றவும், தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு அறிவித்துப் பிரதி எடுப்பிக்கவும் ஆவன செய்யுமாறு மீண்டும் தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை அந்தத் தார்ப்பாயையாவது போடச் சொல்லுங்கள். நாங்களே வாங்கித் தருகிறோம், கதவைத் திறந்தால் போதும்.

இப்படிக்கு,
ஹோட்டல் தொழிலாளர் லயத்துக் குடியிருப்பாளர்கள்