பொருந்தாத தங்கையிடம் பேசியவருக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். மாற்று சிகிச்சையில் எனக்குக் கிடைத்த புது எலும்பு மஜ்ஜை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. ரத்தமும் தட்டணுக்களும் கொடுத்தவர்கள், இரவெல்லாம் பார்த்துக்கொண்ட நர்ஸுகள், பணம் திரட்டிய நண்பர்கள், யாரென்றே தெரியாத என் கொடையாளர், உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே திசுப் பொருத்தம் பார்க்கும் லேபில் இருந்த அக்காவுக்காகத்தான்.

தங்கையின் திசு எனக்குப் பொருந்துமா என்று பார்த்த எச்.எல்.ஏ. சோதனையில் பொருந்தவில்லை என்று முடிவு வந்த அன்று அவள் நொறுங்கிப்போனாள். தன் உடம்பில்தான் ஏதோ குறை, அண்ணனைக் கைவிட்டுவிட்டோம் என்றே நினைத்தாள். ரிப்போர்ட்டைக் கொடுத்ததோடு அந்த அக்காவின் வேலை முடிந்தது. இருந்தும் இவள் அழுவதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு தாளில் வரைந்து காட்டியிருக்கிறார். எச்.எல்.ஏ. ஆன்டிஜன்கள், அதாவது பொருத்தத்தைத் தீர்மானிக்கும், செல்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்கள், அவற்றுக்கான மரபணுக்கள் 6-வது குரோமோசோமில் நெருங்கி இருப்பதால், பெரும்பாலும் ஒரே கட்டாகத்தான் பிள்ளைக்கு வரும். அப்பாவிடம் இரண்டு கட்டு, அம்மாவிடம் இரண்டு. ஆளுக்கு ஒன்று தருவார்கள். அதனால் உடன்பிறந்தவர் முழுக்கப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு, பாதி பொருந்த 50, எதுவுமே பொருந்தாமல் போக 25. "நீ பிறக்கறதுக்கு முன்னாடியே முடிவானதும்மா இது. உன் ரத்தத்துல எந்தக் குறையும் இல்ல" என்றாராம். அன்றைக்குத்தான் தங்கை சரியாகச் சாப்பிட்டாள்.

பொருந்தவில்லை என்ற முடிவைக் கொடுக்கும் எல்லா இடத்திலும் கூடவே இதையும் சொல்ல வேண்டும். சில நிமிடப் பேச்சுதானே.

படுக்கையில் இருந்தபோது இதைப் பற்றி நிறையப் படித்தேன். 1958-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே இந்த வகையில் முதல் ஆன்டிஜனைக் கண்டறிந்தார். 1980-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அவர் கண்டறிந்த அதே 1958 வாக்கில்தான், பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தத்தில் குழந்தையின் தந்தைவழி ஆன்டிஜன்களுக்கு எதிர்ப்பொருள் இருப்பதும் தெரியவந்தது. அந்தத் தாய்மார்கள் கொடுத்த சீரத்தை (ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கும் தெளிந்த நீர்ப்பகுதியை) வைத்துத்தான் ரொம்ப காலம் திசு வகை பார்த்திருக்கிறார்கள். அவர்கள் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என் நன்றி.

எனக்குப் பொருந்தாத செல்கள் வேறு யாருக்காவது பொருந்தலாம் என்று தங்கையிடம் சொன்னதும் அதே அக்காதான். அவள் இப்போது கொடையாளர் பதிவேட்டில் சேர்ந்துவிட்டாள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து மாதிரி எடுத்துக்கொண்டார்கள். சேர நினைத்துத் தயங்குகிறவர்கள் என்னைக் கூப்பிடுங்கள். உடம்பு தேறியதும் நானே கூட வருகிறேன்.