மேட்டைத் தோண்டும் முன் ஊரைக் கேளுங்கள்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் அகழாய்வுக் குழி போடுவதற்கு வெகுகாலம் முன்பே, அது கோட்டை என்று ஊருக்குத் தெரியும். வட்டமாகச் சுற்றிவரும் மண்மேட்டையும் அதையொட்டிய அகழியையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, பொன் பனம்பழம் உதிர்த்த ஒரு மரத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், பின்னர் உங்கள் துறையும் அங்கே தோண்டியபோது செங்கல் கட்டுமானமும் பானை ஓடுகளும் கிடைத்தன. சிறு தங்க அணிகலன் ஒன்றுகூடக் கிடைத்தது. பனை கதையாகவே இருக்கட்டும். அது காட்டிய இடம் தவறவில்லை.

மலைக்குகைகளைப் பாருங்கள். சமண முனிவர்களின் கற்படுக்கைகளை மதுரைப் பக்கம் பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறார்கள். கீழவளவுக் குன்றுக்கே பஞ்சபாண்டவர் மலை என்றுதான் பெயர். பாண்டவர் வந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் நாடு துறந்து காட்டில் அலைந்தவர்கள் படுத்த இடம் என்ற நினைவை, சமணம் மறைந்த பிறகும் மக்கள் விடவில்லை. எனக்கு இது கல்வெட்டுக்கு இணையான செய்தி. கீழடியில் 2015இல் ஆய்வு தொடங்கிய மேட்டின் பெயர் பள்ளிச்சந்தைத் திடல். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்தைப் பள்ளிச்சந்தம் என்பார்கள். அந்தச் சொல்லின் சாயலை வைத்திருப்பதும் ஊரின் வாய்தான்.

கோட்டையிலிருந்து கோயிலுக்குச் சுரங்கம் போகிறது என்ற கதை ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் அப்படி ஒன்றும் இருக்காது. ஆனால் 'பூதம் காக்கும் புதையல்' என்ற அச்சத்தில் மண்வெட்டி படாமல் தப்பிய மேடுகளும் உண்டு; அதே கதையை நம்பி இரவில் தோண்டிச் சிதைத்த மேடுகளும் உண்டு. எந்த மேட்டில் எந்தக் கதை என்று தெரிந்தாலே, எங்கே காவல் தேவை என்பது விளங்கிவிடும்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். மேற்பரப்பு ஆய்வுக்கு வரும்போதே ஊர்க்கதைகளையும் வயல், பாறை, பள்ளங்களின் பெயர்களையும் சொன்னவர் வாய்மொழியிலேயே பதிவு செய்யுங்கள். அகழாய்வு அறிக்கையில் பானை ஓட்டுக்கு இடம் ஒதுக்குவதுபோல் அவற்றுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள். கதை தெரிந்தவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். ஆடு மாடு பட்டிக்குத் திரும்பிய பிறகு, மாலையில் வாருங்கள். அப்போதுதான் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவார்கள்.

இப்படிக்கு,
புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் ஒருவர்