செனட் நீக்கிய நீதிபதி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் ஒரு கூட்டாட்சி நீதிபதியை நீக்க லஞ்சமோ வேறு குற்றமோ நிரூபணமாக வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1913-இல் நீதிபதி ராபர்ட் ஆர்ச்பால்டுக்கு என்ன நடந்தது என்று பார்த்தாலே போதும்.

பென்சில்வேனியாக்காரர். மாவட்ட நீதிபதியாக இருந்தவரை அதிபர் டாஃப்ட் மேல்முறையீட்டு நீதிபதியாக உயர்த்தி, ரயில் கட்டண வழக்குகளுக்கென்றே 1910-இல் உருவான வணிக நீதிமன்றத்தில் அமர்த்தினார். ஈரி ரயில்வேயின் வழக்குகள் அங்கே நிலுவையில் இருந்தன. அதே ரயில்வேயின் துணை நிறுவனத்துக்குச் சுரங்கக் கழிவு மேடு ஒன்றில் பங்கு இருந்தது. கழிவு என்றாலும் வீண் பொருள் அல்ல: கழுவிச் சலித்தால் பொடி நிலக்கரி கிடைக்கும், நல்ல விலைக்குப் போகும். ஆர்ச்பால்ட் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து அந்தப் பங்கை 4,500 டாலருக்குப் பேசினார். நிறுவனம் இழுத்தடித்தபோது, ரயில்வேயின் தலைமை வழக்கறிஞரை நியூயார்க்கில் நேரிலேயே போய்ப் பார்த்தார். அதன் பிறகுதான் காரியம் நகர்ந்தது. பணம் கைமாறியதாக யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கத் தேவையும் இருக்கவில்லை.

அவர் மீது மொத்தம் 13 குற்றச்சாட்டுகள்; மேலே சொன்னது முதலாவது. என் பார்வையில் நான்காம் குற்றச்சாட்டுதான் இதைவிடக் கொடியது. லூயிவில் நாஷ்வில் ரயில்வே வழக்கில் வாதம் முடிந்த பிறகு, ரயில்வே தரப்பு வழக்கறிஞருக்கு மட்டும் ஆர்ச்பால்ட் தனியாகக் கடிதம் எழுதி, சாட்சியத்துக்கு விளக்கம் கேட்டு வாங்கினார். எதிர்த்தரப்புக்குத் தெரியாது, உடன் அமர்ந்த நீதிபதிகளுக்கும் தெரியாது. தீர்ப்பு ரயில்வேக்குச் சாதகமாக வந்தது. பதில் சொல்ல வாய்ப்பே இல்லாமல் ஒரு தரப்பு தோற்றுப்போனது.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை 1912 ஜூலையில் 223-க்கு 1 என்ற கணக்கில் குற்றம் சாட்டியது. விசாரித்த மேலவையான செனட் 13 குற்றச்சாட்டுகளையும் தனித்தனியே வாக்குக்கு விட்டது. ஒவ்வொன்றுக்கும் மூன்றில் இரண்டு பங்கு தேவை. கழிவு மேட்டு விவகாரம் 68-க்கு 5 என நிறைவேறியது. மொத்தம் ஐந்தில் தண்டனை. மற்ற எட்டில் விடுதலை; அவற்றில் பெரும்பாலானவை மாவட்ட நீதிபதியாக இருந்தபோது செய்தவை பற்றியவை. பழைய பதவிக்காக இப்போது நீக்கலாமா என்ற தயக்கம் செனட்டர்கள் பலருக்கு இருந்தது. இனி எந்தக் கூட்டாட்சிப் பதவியும் கூடாது என்ற தடைக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். அது 39-க்கு 35 என்று மயிரிழையில் நிறைவேறியது.

1913 ஜனவரி 13-இல் பதவி போனது. லூயிவில் நாஷ்வில் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே மாதம் ரத்து செய்தது.

– வாசகர், திருச்சி