உன் ஒரு பங்கு

காரைக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய தைலம் வந்து சேர்ந்தது. ஆறு மாதங்களுக்கு முன் நீ ஒப்படைத்த வேலையைப் பற்றி இன்றுவரை ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். உங்கள் பழைய வீட்டை விற்கும் பத்திரத்தில் உன் பெரியாத்தா ஆச்சியிடம் கையெழுத்து வாங்கித் தரச் சொன்னாய். நானும் பத்திர நகலை எடுத்துக்கொண்டு மூன்று முறை உங்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் முறை அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் முறை போனபோது ஆச்சி வீட்டு நடுவே உள்ள வளவு முற்றத்தில் நின்று ஈரத்துணியால் தூணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் நாள் மர வியாபாரியின் ஆட்கள் வந்து, தூண், நிலை, கதவு என்று ஒன்று விடாமல் அளந்து, சாக்கட்டியால் எண்ணும் கன அடியும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். முகப்பு நிலையில் கஜலட்சுமியின் காலடியிலும் ஓர் எண். "கசாப்புக்குப் போற ஆட்டுக்கு மை வச்ச மாதிரி எழுதியிருக்கான் பாரு" என்றார். 81 வயதில் தன் கை எட்டிய உயரம்வரை துடைத்திருந்தார். அதற்கு மேலே ஒரு தூணில் 17 என்ற எண் அப்படியே இருந்தது.

முப்பது ஆண்டுகள் கட்டட வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கேள். அவர்கள் பேசியிருப்பது மரத்துக்கான விலை. பர்மாத் தேக்கு உத்தரங்களையும் தூண்களையும் பிரித்தெடுத்து, நல்ல வேலைப்பாடு உள்ளவற்றை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை மர அறுவைக்கு அனுப்புவார்கள். சுவருக்கு அவர்கள் கணக்கில் ஒரு பைசாகூட இல்லை. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் சுண்ணாம்பை அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நாம் கன்னத்தை ஒட்டிவைத்துக் குளிர்ச்சி பார்த்த அதே பட்டாலைச் சுவரில் இந்தச் சித்திரை வெயிலில் கை வைத்துப் பார்த்தேன். இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. இடித்த மறுநாள் அது லாரியில் ஏற்றும் மண்.

வீடு விழுந்துவிடும் நிலையில் இருக்கிறது என்று உன்னிடம் சொன்னவர்கள் பொய் சொல்லியிருக்கிறார்கள். நான் மேலே ஏறிப் பார்த்தேன். வளவைச் சுற்றியுள்ள ஓட்டுக்கூரையில், சரிவுகள் சேரும் இரண்டு கூடல்வாய்கள் ஒழுகுகின்றன. அந்த நீர் இறங்கி ஒரு உத்தரத்தின் முனை உளுத்திருக்கிறது. பழுது அவ்வளவுதான். மூன்றாவது கூடல்வாயை ஆச்சி இரண்டு வெள்ளிக் குடங்களை விற்று, சென்ற மழைக்கு முன்பே ஓடு பிரித்துச் சரிசெய்துவிட்டார். இது உனக்குத் தெரியுமா?

இரண்டாம் முறை போனபோது பணத்தைப் பற்றி எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவர் பர்மாவைப் பற்றிப் பேசினார். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தாரிடம் இருந்த விளைநிலம் 6 விழுக்காடு. விலைச் சரிவில் கடன் திரும்பாமல் நிலமாகவே வந்து சேர்ந்ததில் 1938இல் அது 25 விழுக்காடு ஆனது. பிறகு யுத்தம் வந்தது. 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டமும் வந்தது. கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழில் செய்யப் போன உன் ஐயா சம்பாதித்ததில் கடலுக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது இந்த வீடு ஒன்றுதான். "அங்க இருந்ததை அவங்க எடுத்துக்கிட்டாங்க, நம்ம கையில ஒண்ணுமில்ல. இதை நாமே குடுக்கணுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்துவிட்டன என்று நாம் பெருமை பேசுகிறோம். ஆனால் பங்காளிகள் சேர்ந்து ஒரு வீட்டை விற்பதை அந்தப் பட்டியல் தடுக்காது. தடுக்க வேண்டியவர்கள் வீட்டுக்காரர்கள்தான்.

இனி முக்கியமான செய்தி. ஆச்சி கையெழுத்துப் போடாததால், கோர்ட்டுக்குப் போய் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரப் போவதாக உன் பங்காளிகள் சொல்கிறார்கள். வக்கீலிடம் விசாரித்தேன். 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பிரிக்க முடியாத சொத்தை விற்றுத் தரும்படி கேட்பவர்களின் பங்கு பாதியாவது இருக்க வேண்டும். மொத்தம் 12 பங்கு. விற்க நினைப்பவர்களிடம் இருப்பது 5. ஆச்சியிடம் 4, மலேசியாவின் ஈப்போவிலும் மதுரையிலும் ஆளுக்கு ஒரு பங்கு வைத்திருக்கும் இருவர் ஆச்சியின் பக்கம். ஏழாம் வாய்ப்பாட்டுக்காக வெயிலில் முட்டி போட்ட உனக்கும் மீதிக் கணக்கு விளங்கும். பாதி ஆவதற்கு அவர்கள் நம்பியிருப்பது உன் ஒரு பங்கை.

உன்மேல் எனக்கு வருத்தம் உண்டு. மகளின் படிப்புச் செலவை நான் அறிவேன். பணம் தேவை என்பதற்காக உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன்னைத் தூக்கி வளர்த்தவரிடம் நீயே ஒரு வார்த்தை பேசாமல், பத்திரத்தை என் கையில் கொடுத்து அனுப்பியது சரியில்லை. கானாடுகாத்தானில் பலர் செய்வதைப் போல முகப்பையும் மாடியையும் தங்கும் விடுதிக்கு வாடகைக்கு விட ஆச்சி சம்மதிக்கிறார். வளவையும், முன்னோருக்குப் படையலிடும் படைப்பு அறையையும் மட்டும் விடமாட்டாராம். அந்த வாடகையில் கூரை நிற்கும். உனக்கும் ஆண்டுதோறும் ஏதோ வரும். மொத்தமாகக் கிடைக்கும் தொகைக்கு அது ஈடாகாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே உன் பங்கை விற்க நீ எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்தை ரத்து செய்து எழுதி, அங்குள்ள இந்திய ஹைகமிஷனில் சான்றொப்பம் பெற்று, இந்த மாதத்துக்குள் எனக்கு அனுப்பு. அந்த 17ஐ மூன்றாம் முறை போனபோது ஸ்டூல் போட்டு ஏறி நானே துடைத்துவிட்டேன்.

இன்றே ஆச்சியைக் கூப்பிட்டுப் பேசு. போன் முகப்பில் இருக்கிறது. மணி நெடுநேரம் அடிக்கட்டும், வைத்துவிடாதே. வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியிலிருந்து அவர் நடந்து வர வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்