மக்களே, தனியாகக் கிடக்காதே

மக்களே,

துபாயில் உன் கம்பெனியில் மாதக்கணக்கில் சம்பளம் போடவில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் மேல் கோபப்படாதே, நான்தான் நோண்டி நோண்டிக் கேட்டேன். போனில் நீ "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா" என்று சொல்லும்போதே குரல் சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பணம் அனுப்பாததற்கு நீ சொன்ன காரணமெல்லாம் போகட்டும், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். இந்த மாதக் கடன் தவணையை அக்கா கட்டிவிட்டாள், அடுத்த மாதத்துக்கு எனக்குச் சீட்டு விழும்.

எனக்கு மனசில் உறுத்துவது வேறு. ரூமில் கூட இருக்கிற பையன்களிடமும் நீ சொல்லவில்லையாம், ஊர்க்காரர்கள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லையாம், கோயிலுக்குப் பூசைக்குப் போய் எவ்வளவோ நாள் ஆகிவிட்டதாம். "எந்த முகத்தோட போறது, போய் என்னத்தக் கேக்கிறது" என்று அக்காவிடம் சொன்னாயாம். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், மெதுவாகப் படி.

ஒக்கி புயல் வந்த வருஷம் உனக்கு வயசு பதினேழு. எல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் நீ பெரிய ஆம்பிளைகளோடு தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்தான் நாள் பூரா நின்றாய், கோயிலுக்குள் பெண்கள் பக்கம் என்ன நடந்தது என்று நீ பார்த்ததில்லை. நானும் வாய் திறந்து சொன்னதில்லை.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. வாழையும் ரப்பரும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தன, கரண்டு இல்லை, போனில் சார்ஜ் இல்லை. முந்தின நாள் சாயந்தரம் பக்கத்தில் வலை போடப் போன வள்ளக்காரர்களை நினைத்துத்தான் முதலில் எல்லாரும் பதறினோம். அப்பா கொச்சி தோப்பும்படியிலிருந்து போட்டில் ஆழ்கடலுக்குப் போயிருந்தார், அவர் ரொம்ப தூரத்தில் இருப்பார், அவருக்கு ஒன்றும் ஆகாது என்று நான் மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். காற்று நம் கரையைத் தொட்டுவிட்டு மேற்கே லட்சத்தீவுப் பக்கம் போகிறது என்று மறுநாள் சொன்னார்கள். நம் ஆட்கள் தூண்டில் போடுகிற கடல் அதுதானே. நமக்கு எச்சரிக்கை வருவதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே கிளம்பிப் போனவர்கள், கரையிலிருந்து அவ்வளவு தூரத்துக்கு வயர்லெஸ் எட்டாது, யார் போய்ச் சொல்வது?

அப்புறம் ஊரில் ஒரு பெண் கூட வீட்டில் இருக்கவில்லை, எல்லாரும் கோயிலுக்கு வந்துவிட்டோம். யாரும் வா என்று கூப்பிடவில்லை. கோயிலில் ஜெனரேட்டர் ஓடியது, நாலைந்து பிளக் பாயிண்டில் ஊர் முழுக்க உள்ள போன்களை மாற்றி மாற்றிச் சொருகி வைத்திருந்தார்கள். நம் பங்குச் சாமியார், ஃபாதர், மேசை போட்டு உட்கார்ந்து ஒரு நீள நோட்டில் போட்டின் பெயர், அதில் போன ஒவ்வொருவர் பெயர், வீட்டுக்காரியின் பெயர், போன் நம்பர் என்று எழுதினார். அரசாங்கம் காலையில் ஒரு கணக்கு, மாலையில் ஒரு கணக்கு சொன்னது. நீரோடி முதல் இரயுமன்துறை வரை எட்டு ஊரிலும் யார் வீட்டில் யார் கடலுக்குப் போனார் என்று பெயர் பெயராகத் தெரிந்தது அந்தந்த ஊர்க் கோயில் பங்குகளுக்குத்தான். எந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள், எந்த வீட்டில் மாமியார் படுக்கையில் என்பது வரை தெரிந்தவர்கள் எழுதிய கணக்கு அது.

லட்சத்தீவில் ஒரு போட் ஒதுங்கியது, மகாராஷ்டிராவில் தேவ்கட்டில் சில போட், குஜராத்தில் வேராவலில் சில போட் என்று சேதி வர வர மைக்கில் பெயர் வாசிப்பார்கள். ஒரு பெயரைக் கேட்டதும் ஒருத்தி அலறிக்கொண்டு எழுந்து பீடத்துக்கு ஓடுவாள். அவள் பக்கத்தில் இருந்தவள் அவளைக் கட்டிப்பிடித்து அழுவாள், அந்தப் பக்கத்தில் இருந்தவளின் வீட்டுக்காரர் பெயர் இன்னும் வந்திருக்காது. அடுத்தவளுக்குக் கிடைத்ததைப் பார்த்து அப்படி மனசார அழ முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பா பெயரும் வரும் என்று நான் காது கொடுத்தபடியே இருந்தேன்.

எனக்குச் செபம் வரவில்லை மக்களே. உனக்கு இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். சின்ன வயசிலிருந்து ஒரு நாள் விடாமல் செபமாலை சொன்னவள் நான், அந்த வாரம் வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் செபமாலையில் ஒரு பக்கத்தார் "அருள் நிறைந்த மரியே" என்று பாதி சொல்ல, மறுபக்கத்தார் மீதிப் பாதியைச் சொல்வார்கள், இல்லையா? பழைய கிழவிகள் பழைய மாதிரியே "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று முடிப்பார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடும், மணியை மட்டும் உருட்டிக்கொண்டு இருப்பேன். நான் சொல்லாமல் விட்டேன் என்று செபம் நிற்கவில்லை. என்னைச் சுற்றி இருந்தவர்கள் என் பாதியையும் சேர்த்துச் சொன்னார்கள், ராத்திரி, பகல், மறுபடி ராத்திரி. நான் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

ஒரு சிஸ்டர் வந்தார். வந்து ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பின்னால் உட்கார்ந்து, சிக்குப் பிடித்துக் கிடந்த என் தலையில் எண்ணெய் வைத்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டுப் போனார். "எல்லாம் கடவுள் சித்தம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனாலும் அது புண்ணில் உப்புத்தான். உன்னிடம் யாராவது அப்படிச் சொன்னால், சரி என்று கேட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள். அவர்களுக்காகக் கோயிலை விட்டுவிடாதே. அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் பெரிய பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை, எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளைக் கேட்கிற 13ஆம் திருப்பாடலை மெதுவாக வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கடவுளிடம் அப்படிக் கேட்கலாம் மக்களே. விவிலியத்திலேயே இருக்கிறது. உனக்குக் கோபம் இருந்தால் அதையே போய்ச் சொல்.

டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறைக்கு நடந்தோமே, அது உனக்குத் தெரியும். செபமாலை கையில் இருந்த அதே பெண்கள்தான் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம், சாமியார்களும் கூடவே உட்கார்ந்தார்கள், ராத்திரி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஆளைத் தேடுங்கள் என்று கேட்கக் கூட அன்றைக்கு அப்படி உட்கார வேண்டியிருந்தது. கோயில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துப்போகச் சொல்கிற இடம் என்று நினைக்காதே. காணாமல் போனவர் இறந்ததாக எடுத்துக்கொள்ளச் சட்டப்படி 7 வருஷம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஏழு வருஷம் நாம் என்ன சாப்பிடுவது? நம் ஆட்கள் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் அரசு அதைத் தளர்த்தி 20 லட்சம் கொடுத்தது. அந்த மனுக்கள், வாரிசுச் சான்றிதழ், நல வாரிய அட்டை, பாஸ்புக் ஜெராக்ஸ் என்று எல்லாவற்றையும் பங்கில் படித்த பிள்ளைகள் உட்கார்ந்து வீடு வீடாக எழுதிக் கொடுத்தார்கள். எனக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வேலை வைக்கவில்லை.

அப்பாவுக்கு அடக்கப் பூசை வைக்க நான் ரொம்ப நாள் சம்மதிக்கவில்லை. உடலைப் பார்க்காமல் எப்படி வைப்பது? மற்ற வீடுகளில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். சாமியார் என்னை ஒரு தடவை கூட அவசரப்படுத்தவில்லை. அந்தப் பூசைகளில் இறந்தவர்கள் பெயரை வாசித்து முடித்த பிறகு, தனியாக, "கடலில் இருக்கிறவர்களுக்காக" என்று சொல்லி அப்பா பெயரை வாசிப்பார். நானாகப் போய் "வைச்சிருவோம் ஃபாதர்" என்று சொன்ன நாளில்தான் பெயர் அந்தப் பக்கத்துக்கு மாறியது. அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு நம் தெருவில் ஒரு வீட்டிலும் நட்சத்திரம் தொங்கவில்லை, சாவு நடக்காத வீட்டிலும் தொங்கவில்லை. யாரும் பேசி முடிவு செய்த விஷயமில்லை அது.

நான் கேட்டது கிடைக்கவில்லை. அப்பா வரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, யாராவது விளக்கம் சொல்ல வந்தால் எனக்குக் கேட்கவும் இஷ்டமில்லை. ஆனாலும் கடவுள் நம்மை விட்டுவிட்டார் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த நாட்களில் நம் வீட்டு அடுப்பு பற்றவே இல்லை, உனக்கும் அக்காவுக்கும் ஒரு வேளைச் சோறு தவறவும் இல்லை. நம் அன்பியத்தில், அதான் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செபம் சொல்கிற கூட்டத்தில், முறை வைத்துக் கொண்டுவந்தார்கள். யார் யார் கொண்டுவந்தார்கள் என்று பார், அதில் பாதிப் பேர் வீடும் துஷ்டி வீடுதான்.

மாற்கு நற்செய்தியில் முடக்குவாதக்காரன் ஒருவனை நாலு பேர் படுக்கையோடு தூக்கிக்கொண்டு வருவார்கள், கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து இறக்குவார்களே, மறைக்கல்வியில் நீ படித்ததுதான். இயேசு அந்த நாலு பேருடைய நம்பிக்கையைக் கண்டுதான் அவனிடம் பேசினார் என்று இருக்கிறது. படுத்துக்கிடந்தவன் என்ன நினைத்தான், அவனுக்கு நம்பிக்கை இருந்ததா இல்லையா என்று ஒரு வரி இல்லை. உனக்கு நம்பிக்கை வந்த பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதே மக்களே. முதலில் தூக்குகிறவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் போய் இரு.

எந்த முகத்தோடு என்று கேட்டாயே. அடுத்த வருஷமே, 2018 ஆகஸ்டில் கேரளாவில் வெள்ளம் வந்தபோது வள்ளத்தை லாரியில் ஏற்றிச் செங்கன்னூர் வரைக்கும் போனது யார்? ஒக்கியில் ஆள் பறிகொடுத்த பூந்துறை, விழிஞ்ஞம் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். வாங்கினவர்கள் கொடுப்பார்கள், கொடுத்தவர்களுக்கு ஒரு நாள் வாங்க வேண்டி வரும், இதில் முகம் என்ன இருக்கிறது. நீ வேலைக்குப் போன புதிதில் புதுசாக வந்த பையன்களை உன் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் தரையில் படுத்தாய் என்று அவர்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர்களிடம் சொல்ல என்ன வெட்கம்? சம்பளம் தராதது கம்பெனி, வெட்கப்பட வேண்டியவர்களும் அவர்கள்தான்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஊத் மேத்தாவில் புனித மரியா கோயில் இருக்கிறதே, அப்போது துபாயை ஆண்ட ஷேக் ரஷீத் கொடுத்த நிலத்தில் 1967-லேயே கட்டினது, மெட்ரோவில் இறங்கினால் பக்கம்தான். அங்கே தமிழ்ப் பூசை இருக்கிறது, இந்த வாரமே போ. துணி நன்றாக இல்லை, காணிக்கை போடப் பணம் இல்லை என்று பார்க்காதே. கடைசி வரிசையில் உட்கார், செபம் வராவிட்டால் சும்மா உட்கார். பூசை முடிந்ததும் நைசாக நழுவி வந்துவிடாமல், சாமியாரிடமோ தமிழ்ச் சபையை நடத்துகிறவர்களிடமோ ஒரே ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல். "எனக்கு இத்தனை மாசமா சம்பளம் வரல" என்று நேராகச் சொன்னால் போதும், சுற்றி வளைக்காதே. உன்னைப் போல எத்தனை பேரை அவர்கள் பார்த்திருப்பார்கள், எங்கே போக வேண்டும், யாரைப் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இங்கே நம் பங்கில் கல்ஃபிலிருந்து வந்தவர்களிடமும் விசாரித்தேன். சம்பளம் தராத கம்பெனி மேல் அங்கே மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம், பர் துபாயில் நம் இந்தியத் துணைத் தூதரகத்தில் போய் உதவி கேட்கலாம் என்றார்கள். பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைக்கக் கூடாது, அது அங்கே சட்டப்படி தப்பு. அரபியில் இருக்கிற பேப்பர், ஒன்றும் எழுதாத பேப்பர் எதிலும் கையெழுத்துப் போடாதே, சம்பளம் முழுக்க வாங்கிக்கொண்டேன் என்று எழுதி நீட்டுவார்களாம். தனியாகப் போகாதே, கோயிலில் இருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ.

உனக்காக நம் அன்பியத்தில் செபம் சொல்லச் சொல்லிவிட்டேன். ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதே என்று நினைப்பாய், தெரியட்டும், தெரிந்தால்தானே செபிக்க முடியும். வெறுமனே செபித்துவிட்டும் போகவில்லை, டிக்கெட் போட வேண்டி வந்தால் சொல்லு அக்கா என்று அன்பியத் தலைவி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஊருக்கு வந்துவிடு என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. வந்தாலும் சந்தோஷம், சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறினாலும் சந்தோஷம். அதை நீயே முடிவு செய்.

அக்கா கொஞ்சம் பணம் அனுப்புகிறாள், வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி முதலில் அரிசி பருப்பு வாங்கு. பாஸ்போர்ட், விசா, லேபர் கார்டு, கம்பெனி கொடுத்த ஒப்பந்தம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இன்றைக்கே அவளுக்கு வாட்ஸ்ஆப்பில் போட்டுவிடு. பூசைக்குப் போய்விட்டு, யாரிடம் பேசினாய் என்று எனக்கு போன் பண்ணிச் சொல்.

அம்மா