வாய்தா தேதியை முதலில் எழுதி வை

தருமபுரி

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. ஜெயிலிலிருந்து வருகிறவர்களுக்குத் துணை நிற்க ஊத்தங்கரையில் பத்துப் பேர் கூடியிருக்கிறீர்கள் என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். மனசு நிறைந்துவிட்டது. இந்தப் பக்கம் இதற்கு ஆள் போதாது.

“முதலில் வேலை வாங்கிக் கொடுக்கணுமா, கடன் ஏற்பாடு பண்ணணுமா?” என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் பிறகுதான். வெளியே வந்தவரை மறுபடி உள்ளே தள்ளுவது பெரும்பாலும் புதுக் குற்றமில்லை. மறந்துபோன ஒரு வாய்தா (கோர்ட்டில் ஆஜராக வேண்டிய நாள்), போடாமல் விட்ட ஸ்டேஷன் கையெழுத்து, எப்போதோ போட்ட பழைய வழக்கில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு வாரண்ட், இவைதான். அதனால் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் நாற்பது பக்க நோட்டு. ஒருவருக்கு ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் அவர் பெயர், அடுத்த பக்கத்தில் அவர்மேல் உள்ள எல்லா வழக்கும்.

எல்லா வழக்கும் என்று நான் சொல்வதைக் கவனி. ‘ஒரே கேஸ்தான் அண்ணா’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதே, பல பேருக்கு உண்மையிலேயே தெரியாது. கோர்ட் வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் ஆளின் பெயரைப் போட்டு கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று மாவட்டம் மாவட்டமாகத் தேடு. பெயரை மூன்று நான்கு விதமாக எழுத்துக்கூட்டிப் பார். இனிஷியல் மாறியிருக்கும், அப்பா பெயர் முன்னால் வந்திருக்கும். கிடைத்த ஒவ்வொரு வழக்குக்கும் அதற்கென்றே தனியாகப் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் இருக்கும், அதை நோட்டில் எழுதிவிடு. அதற்கப்புறம் அந்த எண் ஒன்றே போதும், அடுத்த வாய்தா எப்போது என்று எந்த நாளும் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தேடலை விடுதலைக்கு மூன்று மாதம் முன்பே முடித்துவிடு. வேறொரு வழக்கில் பி.டி. வாரண்ட், அதாவது ஜெயிலில் இருப்பவரை அந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு, நிலுவையில் இருந்தால், இந்த வழக்கில் தண்டனை முடிந்தாலும் ஆள் வெளியே வர முடியாது. வாசலில் காத்து நிற்கும் அம்மாவுக்கு அதை விளக்கிச் சொல்வதைவிட, முன்கூட்டியே வக்கீலைப் பார்ப்பது நல்லது.

வாய்தாவுக்குப் போகாமல் பிடிவாரண்ட் ஆகிவிட்டது என்று தெரிந்தால் ஓடி ஒளியச் சொல்லாதே. வக்கீலோடு நேரில் ஆஜராகி வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்டு ரீகால் மனு போட வேண்டும். தானாக வந்து நிற்பவரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துபவரையும் கோர்ட் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவே சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். உங்கள் பத்துப் பேரில் இரண்டு பேராவது அங்கே சட்டத் தன்னார்வலராகப் பதிந்துகொள்ளுங்கள். வெறும் நல்லெண்ணத்தோடு போய் ஜெயில் வாசலில் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். சட்டப் பணிகள் வழியாகவோ நன்னடத்தை அலுவலர் வழியாகவோ போனால்தான் உள்ளே பேச முடியும்.

ஸ்டேஷன் கையெழுத்து அடுத்த தலைவலி. ‘தினமும் காலை 10.30 மணிக்கு, மறு உத்தரவு வரும்வரை’ என்று நிபந்தனை ஜாமீன் உத்தரவில் இருக்கும். ஓசூர் சிப்காட்டில் காலை ஷிப்ட் போகிறவர் ஊத்தங்கரை ஸ்டேஷனில் பத்தரைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவார்? நான்கு நாள் போவார், ஐந்தாம் நாள் விடுவார், ஜாமீன் ரத்து மனு வந்து நிற்கும். சில வாரம் ஒழுங்காகப் போட்டபின் நிபந்தனைத் தளர்வு மனு போட்டால் வாரம் ஒருநாள் என்று மாற்றிக்கொடுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஒழுங்காகப் போட்டதற்குச் சான்று வேண்டும். அதனால் போட்ட ஒவ்வொரு கையெழுத்தின் தேதியையும் நேரத்தையும் அந்த நோட்டில் எழுதச் சொல். தளர்வு கிடைக்கும்வரை காலை நேர வேலை எதையும் ஒத்துக்கொள்ள வைக்காதே.

இந்தக் கணக்குக்குப் பொருந்துகிற வேலை நம் பக்கத்தில் இருக்கிறது. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏற்றுக்கூலி. விடிவதற்குள் தொடங்கிக் காலையிலேயே முடிந்துவிடும், கூலி அன்றைக்கே கையில், பத்தரைக் கையெழுத்துக்கும் பழுதில்லை. வாய்தா நாளில் லீவு கேட்டாலும் யாரும் முறைப்பதில்லை. ஒரே ஆபத்து, கூலி வாங்கியதும் கூட்டமாகக் கடைக்குப் போகும் பழக்கம். குடியிலிருந்து மீண்டு வருகிறவரை அங்கே அனுப்பாதே. மாம்பழப் பருவத்தில் உங்கள் ஊர்ப் பக்கம் கூழ் ஆலைகள் ஓடும்போது இரண்டு மாத வேலையும் நல்ல தொடக்கம்தான். பட்டு வளர்ப்பு சொந்தத் தொழிலாகப் பார்க்க அழகாகத் தெரியும், தருமபுரியில் கூடு விற்க அங்காடியும் இருக்கிறது. ஆனால் பட்டுப்புழு மொத்தத் தழையில் எண்பது சதவீதத்துக்குக் குறையாமல், கடைசியான ஐந்தாம் பருவத்தின் ஒரு வாரத்தில்தான் தின்னும். அந்த வாரத்தில் வாய்தா வந்தால் வளர்ப்பு மனை கெட்டது. வீட்டில் இன்னும் இரண்டு பேர் தழை வெட்ட இருந்தால் மட்டும் அதை யோசி.

முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கிறவர்களைப் பற்றி உன்னிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியே வந்த ஒரு வாரத்துக்குள் செங்கல் சூளைக்கோ கல் குவாரிக்கோ ஆள் பிடிக்கிறவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். வக்கீல் கடன், ஜாமீன் செலவு என்று குடும்பம் திணறிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் வருவார். அந்தப் பணத்தை வாங்கினால் வாய்தாவுக்குக்கூட விடமாட்டார்கள். கொத்தடிமை முறை 1976லேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது, முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிவைப்பது குற்றம். அப்படி யாராவது சிக்கிவிட்டால் கோட்டாட்சியருக்கு எழுத்து மூலம் மனு கொடு.

சித்தேரி, ஜவ்வாது மலைப் பக்கம் இதே முன்பணம் செம்மரம் வெட்ட ஆள் கூட்டிப் போகிறவர் கையிலிருந்து வருகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேசாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட இருபது பேரில் சித்தேரி மலைக்காரர்களும் உண்டு. அந்த வலி இன்னும் ஆறவில்லை. ஆந்திராவில் ஜாமீன் கிடைத்து வந்தவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. வாய்தா அங்கே, மொழி வேறு, போக்குவரத்துக்கே இரண்டு நாள் கூலி போகும். நோட்டில் அந்த ஊர் கோர்ட் பெயரைத் தமிழில் எழுதி, எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்பதையும் எழுதிக்கொடு. உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் 1978இல் மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பை வக்கீலுக்கு நினைவூட்டு. வேறு மாவட்டத்தில் இருக்கிறார் என்று ஒரு கொத்தனாரின் சகோதரர் கொடுக்க வந்த ஜாமீனைத் தள்ளிய வழக்கு அது, அந்தக் கெடுபிடி தவறு என்று சொன்ன தீர்ப்பு. 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லி, ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளிவராதவரைப் பற்றி ஜெயில் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது.

பணம் கட்ட முடியாமல் உள்ளேயே கிடப்பவர்களுக்கு 2023இல் மத்திய அரசுத் திட்டம் ஒன்று வந்தது. வந்தபோது விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதிக்கு அபராதத்துக்கு 25,000 வரை என்று வைத்திருந்தார்கள். மாவட்டக் குழு பார்த்து முடிவு செய்யும். கஞ்சா வழக்குக்கு இது பொருந்தாது, ஆசை காட்டிவிடாதே. அபராதத்தில் பாதியைக் கட்டினால் அதற்கு ஈடாக, கட்டத் தவறியதற்கான தண்டனை நாளும் குறையும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. 2024 ஜூலையிலிருந்து புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, இதற்குமுன் தண்டனை பெறாதவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் பிணைப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும் என்கிறது. தூக்கு, ஆயுள் வரக்கூடிய குற்றத்துக்கும், வேறு வழக்கு நிலுவையில் உள்ளவருக்கும் அது கிடையாது. பார், மறுபடியும் அந்த நோட்டின் இரண்டாம் பக்கத்துக்குத்தான் வருகிறோம்.

அடுத்து போன் நம்பர். சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் எல்லாம் அதில்தான் தொங்குகிறது. தொண்ணூறு நாள் பயன்படுத்தாத எண்ணை கம்பெனி நிறுத்தி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். நம்மவர் வங்கிக் கணக்கின் ஓ.டி.பி. முன்பின் தெரியாத யாருக்கோ போகும். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஆதாரைக் காட்டிப் புது சிம், அடுத்து தாலுகா ஆபீஸ் ஆதார் மையத்தில் அந்த எண்ணைச் சேர்ப்பது, அதற்கப்புறம் வங்கி. ஆதாரில் எண் சேர்க்கக் காகிதம் எதுவும் தேவையில்லை, ஆள் நேரில் போனால் போதும். கல் வேலை செய்த கை என்றால் ரேகை தேய்ந்திருக்கும், கண் கருவிழியை வைக்கச் சொல். இரண்டு வருடம் வரவுசெலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும், கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சான்று) கொடுத்துக் கட்டணமில்லாமல் திறக்கலாம். ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறதா என்று பார். வாக்காளர் பட்டியலையும் பார், விட்டுப்போயிருந்தால் படிவம் 6. உள்ளே இருக்கும்வரைதான் ஓட்டுப் போட முடியாது, வெளியே வந்ததும் அந்த உரிமை திரும்பிவிடுகிறது. டிரைவராக இருந்தவர் என்றால் லைசென்ஸ் காலாவதித் தேதியை அன்றைக்கே பார்த்துவிடு. ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும்.

விடுதலை நாளைப் பற்றி. சேலம் மத்திய ஜெயில் அஸ்தம்பட்டியில் இருக்கிறது. வாசலுக்கு இரண்டு பேர் போங்கள். கூட்டம் வேண்டாம், மாலை வேண்டாம். பையில் ஒரு செட் துணி, செருப்பு, தண்ணீர், சில்லறையாக ஐந்நூறு ரூபாய், நோட்டு. 2016க்கு முன்னால் போனவருக்கு இருநூறு ரூபாய் நோட்டே புதுசு. டீக்கடையில் எல்லாரும் போனைக் காட்டிப் பணம் கொடுப்பதைப் பார்த்து அப்படியே நிற்பார், அவசரப்படுத்தாதே. வாசலை விட்டுக் கிளம்புமுன் மூன்றைக் கேட்டு வாங்கு: விடுதலைச் சான்று, உள்ளே செய்த வேலைக்குச் சேர்ந்த கூலியின் கணக்கு, ஜெயில் ஆஸ்பத்திரிச் சீட்டு. காசநோய், வலிப்பு, மனநல மருந்து சாப்பிடுகிறவருக்கு ஒருநாள்கூட இடைவெளி விழக்கூடாது. அடுத்த நாளே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும்.

வீட்டுக்காரர்களிடம் ஒன்று சொல்லிவை. உள்ளே சாயங்காலம் ஆறு மணிவாக்கில் பூட்டிவிடுவார்கள், ராத்திரி முழுக்க விளக்கு எரியும். அந்தப் பழக்கத்தில் வந்தவர் இருட்டியதும் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார். விளக்கை அணைத்தால் தூக்கம் வராது. சாத்தியிருக்கும் கதவைத் தானே திறக்கலாம் என்பது கைக்கு மறந்திருக்கும், யாராவது திறக்கட்டும் என்று முன்னால் நிற்பார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பெண்கள் அழுவார்கள். சின்ன விளக்கு ஒன்றை எரியவிடுங்கள், கதவை ஒருக்களித்து வையுங்கள், சில வாரத்தில் சரியாகும் என்று சொல்.

எந்த ஊருக்குத் திரும்புவது என்பதை அவசரத்தில் முடிவு செய்யாதே. பாதிக்கப்பட்ட குடும்பம் அதே தெருவில் இருந்தால் அங்கே கூட்டிப் போகக் கூடாது. அந்த வீட்டுத் துக்கம் நம் ஆளின் விடுதலையோடு முடிந்துபோகிற துக்கமில்லை. சமாதானம் பேசுகிறேன் என்று உங்களில் யாரும் அங்கே போகவும் வேண்டாம். அது சாட்சியை மிரட்டியதாகப் போய் நிற்கும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்கான போக்சோ வழக்கில் இன்னும் மோசம். வேறு ஊரில் உறவு இருந்தால் முதல் ஆறு மாதம் அங்கே இருக்கட்டும், முகவரி மாற்றத்தைக் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு.

வேலை கொடுப்பவரிடம் மறைக்காதீர்கள். முதலாளி ஒருவரிடம் மட்டும், வழக்கு என்ன, எந்த நிலையில் இருக்கிறது என்று சொன்னால் போதும். சக வேலையாட்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. குற்றவாளி இல்லை என்று கோர்ட் விடுவித்த வழக்கும் போலீஸ் சரிபார்ப்பில் பழையபடியே தலைகாட்டும். தீர்ப்பின் சான்றொப்பமிட்ட நகல் இரண்டு எடுத்து வைத்திருந்தால் அங்கேயே பேச்சு முடியும்.

உங்கள் பத்துப் பேருக்கும் மூன்று கட்டுப்பாடு. யாரும் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போடக்கூடாது. ஆள் வராவிட்டால் தொகையை நீங்கள் கட்ட வேண்டும், ஒரு முறை அப்படி ஆனால் குழுவே கலைந்துவிடும். கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள், அரிசியாக, பஸ் டிக்கெட்டாக, மருந்தாகக் கொடுங்கள். தனியாக யாரும் போக வேண்டாம். ஒருவருக்கு இரண்டு தன்னார்வலர், வாரம் ஒரே கிழமையில், மூன்று மாதம் விடாமல். பத்துப் பேர் என்றால் ஐந்து ஆளுக்கு மேல் எடுக்காதே. ஆறாவது ஆளைப் பார்த்து மனசு இளகும், அப்போது என் கடிதத்தை எடுத்துப் படி.

சிறு கடை வைக்க உதவித்தொகை கேட்கும் விண்ணப்பங்களை இங்கே நன்னடத்தை அலுவலரிடம் பேசிப் பார்க்கலாம். முதல் ஐந்து பேரின் நோட்டை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வா. கலெக்டர் ஆபீஸில் மனு நாள், இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். இ-கோர்ட்ஸில் தேடியதைப் படம் பிடித்து முந்தின நாளே அனுப்பிவிடு, வக்கீலிடம் காட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்